தண்ணீர் ஊற்றியவள்

விண்ணப்பத்தில் கடைசிக் கட்டம் ஒன்றுதான் காலியாக இருந்தது. மஜீதா அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஹனீஃபா ராவுத்தர் வீட்டுக் கூடத்துப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வியர்வை பட்டு மை கலைந்துவிடக் கூடாதே என்று வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தால் காகிதத்தைப் பிடித்திருந்தாள். ராவுத்தர் இன்னும் தோல் மண்டியிலிருந்து வரவில்லை. கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் அவர் மனைவி ராவுத்தரம்மா உட்கார்ந்திருப்பது பாக்கு இடிக்கும் சத்தத்தில் தெரிந்தது. கணக்கப்பிள்ளையும் வண்டிக்காரர்களும் வந்து போகிற கூடம் என்பதால் அந்த அம்மாள் திரையைத் தாண்டி வருவதில்லை. ஆனால் அந்நியப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தால், வீட்டுப் பெண் திரைக்குப் பின்னாலாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ராவுத்தர் கூடத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். அப்படி ஒரு மனுஷர்.

ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகியிருந்த ஜூன் அது. மஜீதா இன்டர்மீடியட் தேறிவிட்டாள், நேச்சுரல் சயன்ஸில் முதல் வகுப்பு. கன்னியாஸ்திரீகள் நடத்துகிற காலேஜில் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்த அற்புதம்மாள்தான் சென்னைக்கு எழுதி இந்த விண்ணப்பத்தை வரவழைத்தவர். ஒரு பெண் டாக்டராக வேண்டுமென்றால் சர்க்கார் எத்தனை விஷயத்தைத்தான் கேட்கிறது. பிறந்த தேதி கேட்டார்கள், ஜாதி, மதம் கேட்டார்கள், அம்மை குத்திய தழும்பு எந்தக் கையில் என்று கூடக் கேட்டார்கள். எல்லாவற்றையும் தாசில்தார் கையெழுத்தோடு கொடுத்தாயிற்று. கடைசிக் கட்டம் வேறு மாதிரி. இந்தப் பெண் ஐந்து வருஷமும் படிப்பை நடுவில் நிறுத்தாமல் முடிப்பாள், அதற்கு நான் பொறுப்பு என்று அவளுடைய சமூகத்தில் மதிப்புள்ள ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "முஸ்லிம்களுக்குன்னு சீட்டு ஒதுக்கியிருக்காங்க மஜீதா. பொண்ணுங்க வரணும்னு அவங்களுக்கும் ஆசைதான். ஆனா ரெண்டாவது வருஷத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா அந்த சீட்டு வீணாப் போகுதில்ல, அதுதான் பயம்" என்றார் அற்புதம்மாள். அத்தா இருந்திருந்தால் அவரே போட்டிருப்பார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர், மகளை எட்டாம் வகுப்புக்கு மேலும் அனுப்பியதற்காக ஜமாத்தில் இரண்டு பேரோடு பேச்சுவார்த்தையை விட்டவர். அவர் மவுத்தாகி ஐந்து வருஷம் ஆயிற்று. இப்போது தெருவில் மதிப்புள்ளவர் என்றால் ராவுத்தர் ஒருவர்தான். நாளைத் தபாலில் போட்டால்தான் காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

சென்னையில் நடக்கப்போகிற பேட்டியில் என்னென்ன கேட்பார்கள் என்று அற்புதம்மாள் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "மார்க் எல்லாரும்தான் வச்சிருப்பாங்க. நாலு பேர் உக்காந்து நாலு நிமிஷம் பாப்பாங்க. மொத கேள்வி, ஏன் டாக்டராகணும்?" அதற்கு மஜீதாவிடம் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் பதில் இருந்தது. திரைக்குள் இருக்கும் கோஷாப் பெண்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று அதற்கு அர்த்தம். "சரி, பொணத்தைத் தொடுவியா? முஸ்லிம் வீட்டுப் பொண்ணாச்சேன்னு கேப்பாங்க." தொடுவேன் என்று மஜீதா சொன்ன வேகத்தில் அற்புதம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

சொல்ல என்ன இருக்கிறது. அவள் அம்மா சாரா பீவி மய்யித்தான பெண்களைக் குளிப்பாட்டுகிறவள். பிழைப்புக்குத் தையல் மெஷின் இருந்தது, உள்பாவாடையும் ரவிக்கையும் தைப்பாள். ஆனால் நத்தர்ஷா பள்ளிவாசலைச் சுற்றியிருக்கிற தெருக்களில் எந்த வீட்டில் ஒரு பெண் மவுத்தானாலும், அழுகை ஓய்வதற்குள் ஆள் வந்து நிற்பது சாரா பீவி வாசலில்தான். அதற்கு அவள் ஒரு செம்புத் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க மாட்டாள், அது அல்லாஹ்வுக்காகச் செய்வது என்பாள். உடம்பின் மேல் கனத்த துணி ஒன்றைப் போர்த்தி, கையில் துணிப்பை மாட்டிக்கொண்டு, துணிக்கு அடியிலேயே கழுவ வேண்டும். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஒருத்தி பக்கத்தில் நின்று ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பதினாலு வயதிலிருந்து தண்ணீர் ஊற்றியவள் மஜீதா. முதல் நாளே அம்மா அவளுக்கு ஒரு விதி சொல்லிவிட்டாள். "இங்க பாக்குறது இந்தத் தண்ணியோட வடிஞ்சு போயிடணும். உடம்புல ஒரு தழும்பைப் பாத்தாலும் சரி, முகத்துல ஒரு ஒளியைப் பாத்தாலும் சரி. அவ தன் உடம்பை நம்மளை நம்பி அமானத்தா ஒப்படைச்சிருக்கா. வெளியில சொன்னா அவளை நடுத்தெருவுல போட்ட மாதிரி."

மூன்று வருஷத்துக்கு முன்னால் தென்னூரில் ஒரு வீட்டில் அவர்கள் குளிப்பாட்டியது ராவுத்தரின் ஒரே மகள் ஷரபுன்னிசாவை. இருபத்தொரு வயது, தலைப்பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த பெண். தாய் வீட்டுக்கு அனுப்பாமல் தன் வீட்டில் வைத்தே பிள்ளை பெற வேண்டும் என்று மாமியார்க்காரி பிடிவாதம் பிடித்ததால் புருஷன் வீட்டிலேயே இருந்தாள். வலி வருவதற்கு முன்பே விஷக்காய்ச்சல் வந்து ஒரே நாளில் போய்விட்டாள் என்றுதான் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மஜீதாவும் அதை நம்பித்தான் செம்பைக் கையில் எடுத்தாள். மூன்றாவது செம்பு ஊற்றும்போது நனைந்த துணி கொஞ்சம் விலகியது. ஒரு சின்னக் கை வெளியே இருந்தது. நகம், மடிப்பு, ரேகை எல்லாம் சரியாக வந்திருந்த கை, நீலம் பாரித்துப் போய், யாரோ எதையோ கொடுப்பார்கள் என்று நீட்டியது போல விரிந்திருந்தது. மஜீதாவுக்கு அப்போது பதினைந்து வயது. பிள்ளைக்குத் தலைதான் முதலில் வர வேண்டும் என்பது கூட அவளுக்குத் தெரியாது. அம்மா தன் கையை அதன் மேல் வைத்து மூடி, துணியை இழுத்துவிட்டாள். "நீ தண்ணிய ஊத்து" என்றாள். மஜீதா ஊற்றினாள். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியதையும், அதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். பிறகு காலேஜில் பிரசவம் பற்றிய படம் ஒன்றைப் புத்தகத்தில் பார்த்தபோதுதான் அவளுக்கு முழுதும் விளங்கியது. பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது, நாள் கணக்கில் அந்தப் பெண் வலியில் துடித்திருக்கிறாள். ஒரு டாக்டர் இருந்திருந்தால், உள்ளே கையை விட்டுப் பிள்ளையைத் திருப்பத் தெரிந்த யாராவது ஒருவர் இருந்திருந்தால். அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி மஜீதா சாப்பிடவில்லை.

ஏன் டாக்டராக வேண்டும் என்ற கேள்விக்கு உண்மையான பதில் அந்தக் கைதான். அதை அவள் சென்னையிலும் சொல்ல முடியாது, திருச்சியிலும் சொல்ல முடியாது.

இன்று காலையில் ராவுத்தர் வீட்டுக்குப் புறப்படும்போது அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். கூட வரவில்லை. "அந்த வீட்டுப் படி ஏற எனக்கு முகம் இல்ல புள்ள. நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்சு அவரே நம்ம வாசலுக்கு வந்து கேட்டாரு, என் மகளுக்கு என்னம்மா ஆச்சுன்னு. காய்ச்ச உடம்புதான், முகம் தெளிவா இருந்துச்சுன்னு சொன்னேன். உன்கிட்டயும் கேப்பாரு. நீயும் அதையே சொல்லிடு" என்றாள்.

"பொய் சொல்ல மாட்டேம்மா. வாயைத் திறக்காம இருக்கேன், போதும்ல" என்றாள் மஜீதா.

சாரா பீவி மகளை ஒரு மாதிரி பார்த்தாள். "மறைக்கிறதுன்னா வாயை மூடிக்கிறதுன்னு நெனச்சுக்கிட்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். படித்த பெண்ணுக்கு அது உறைக்கவில்லை. படித்தவர்களுக்கு வரும் அகம்பாவம்தான், வேறென்ன. உண்மையும் சொல்லாமல் பொய்யும் சொல்லாமல் நடுவில் சுத்தமாக நின்றுகொள்ளலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ராவுத்தர் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தார். கணக்கப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, திரைப் பக்கம் ஒருமுறை பார்த்து வெற்றிலை உரல் சத்தம் இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை செம்பட்டில் இருக்கிற தோல் கிடங்குக்கு சைக்கிளிலேயே போய் வந்தவர், இப்போது வண்டியிலிருந்து இறங்கவே ஆள் வேண்டியிருந்தது. காகிதத்தை வாங்கி, தோலைப் பார்ப்பது போல ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மஜீதா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவர், நான் பொறுப்பு என்ற இடத்தில் நிறுத்தினார்.

"நான் பொறுப்புன்னு போடுறதுக்கு முன்னாடி நான் கேக்கணும்ல. எதுக்கு புள்ள டாக்டருக்குப் படிக்கணும்னு நிக்கிற?"

மஜீதா மனப்பாடத்தைத் தமிழில் ஒப்பித்தாள். கோஷாப் பெண்கள், சேவை.

"இது அந்த டீச்சரம்மா சொல்லிக் குடுத்தது. நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். கோபம் இல்லை. பிறகு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். மெதுவான குரலில், "நீதான தண்ணி ஊத்துன" என்றார்.

"ஆமா மாமா."

"எம்மகளுக்கு என்னம்மா ஆச்சு?"

உள்ளே உரல் சத்தம் நின்றது. மஜீதா தரையைப் பார்த்தாள். சிவப்புச் சிமென்டுத் தரையில் அவள் பெருவிரல் பட்ட இடத்தில் வியர்வை ஈரம் படிந்திருந்தது. காய்ச்சல் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தக் கை நினைவுக்கு வந்ததும் வார்த்தை திரும்பிப் போய்விட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. தான் சொன்னபடியே நடந்துகொண்டிருக்கிறோம் என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

"சொல்லிட்டா இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுறேன். சொல்லலைன்னா நான் போட மாட்டேன்னு வச்சுக்கோ. உன் படிப்பு போயிடும்."

"குளிப்பாட்டுற இடத்துல பாத்ததைச் சொல்லக்கூடாது மாமா. அது அமானத்."

ராவுத்தர் தலையை ஆட்டினார். ஒருமுறை அல்ல, நாலைந்து முறை, யாரோ சொல்வதை ஒத்துக்கொள்வது போல ஆட்டிக்கொண்டே இருந்தார். "காய்ச்சல்னா காய்ச்சல்னு சொல்லிட்டுப் போயிருப்ப. காய்ச்சல்ல அமானத் என்னம்மா இருக்கு" என்றார்.

மஜீதாவுக்கு அம்மா வாசலில் நின்று சொன்னது அப்போதுதான் விளங்கிற்று. விளங்கி என்ன, அவள் கையால் மூடி வைத்ததை இவள் தன் சுத்தத்தால் திறந்து காட்டிவிட்டாள். இப்போது காய்ச்சல் என்று கத்தினாலும் அது எடுபடாது.

"அன்னிக்கு மத்தியானம் சம்பந்தி வீட்டு ஆள் மண்டிக்கு வந்தான்" என்றார் ராவுத்தர். அவளிடம் சொன்னாரா, திரைக்குச் சொன்னாரா தெரியவில்லை. "உடம்பு முடியல, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகவான்னு கேட்டு அனுப்பியிருந்தாங்க. லேடி டாக்டர் லீவு, ஆம்பள டாக்டர்தான் இருக்காராம்னான். நான் சரக்கு பாத்துக்கிட்டு இருந்தேன். ஆம்பள டாக்டர் வேணாம், மருத்துவச்சி பாத்துக்குவான்னு சொன்னேன். தலையைக் கூடத் தூக்கல. அவன் போயிட்டான். சாயங்காலம் வேற சேதி வந்துச்சு. காய்ச்சல்னு சொன்னாங்க. காய்ச்சல்னா நான் சொன்ன வார்த்தையால ஒண்ணும் இல்ல. மூணு வருஷமா அந்தக் காய்ச்சலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன்."

அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்கிறவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இது அமானத் இல்ல, படிச்சவகிட்ட கேக்குற கேள்வி. அந்த ஆம்பள டாக்டர்கிட்ட கொண்டு போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

பொழச்சிருப்பாள். மஜீதாவுக்கு அது உறுதியாகத் தெரியும். அது தெரிந்ததால்தான் காலேஜில் இரண்டு வருஷம் விளக்கெண்ணெய் விளக்கில் தவளையின் எலும்பை எண்ணிக்கொண்டிருந்தாள். அதை நம்பாவிட்டால் இந்த விண்ணப்பத்துக்கே அர்த்தம் கிடையாது. எதிரே இருந்தவரின் வலது கை நாற்காலிக் கையைப் பிடித்திருந்தது, நகக்கண்களில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை. அந்தப் பிடியைப் பார்த்தபடியே அவள் தலையை நிமிர்த்தினாள்.

"இல்ல மாமா. யார் வந்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

தன் குரலா அது என்று அவளுக்கே இருந்தது. அம்மா பேசுவது போல இருந்தது.

ராவுத்தர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாகத் தோல் வாங்குகிறவர், எந்தத் தோலில் கத்தி பட்ட இடம் இருக்கிறது என்று தொடாமலே சொல்கிறவர். நம்பினாரா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யார் வந்தாலும் ஆகாதுன்னா, நீ எதுக்கு புள்ள டாக்டராகணும்?"

திரும்பவும் அதே கேள்வி. சென்னையில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கப் போகிற கேள்வி. ஆனால் இப்படி யாரும் கேட்கப் போவதில்லை. மஜீதாவிடம் மனப்பாடம் எதுவும் மிச்சம் இல்லை. இத்தனை நேரம் வராத அழுகை, வேறு யாருக்காகவும் இல்லாமல், செம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்காக வந்தது.

"அன்னிக்கு நான் தண்ணி மட்டும்தான் ஊத்துனேன் மாமா. வேற ஒண்ணும் தெரியாம நின்னேன். இனிமே என்னால அப்படி நிக்க முடியாது" என்றாள்.

ராவுத்தர் எழுந்து போய் மேஜையிலிருந்து பேனாவை எடுத்து வந்தார். அவள் விரல் வைத்துக் காட்டிய கட்டத்தில், தமிழில், நிறுத்தி நிறுத்தித் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதினார். மை காய்கிற வரை காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவளிடம் நீட்டும்போது, "உங்க அம்மா நல்ல மனுஷி. கேட்டேன்னு சொல்லாத" என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலில் இறங்கினார். சாயங்கால அஸர் தொழுகைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. ஆனாலும் பள்ளிவாசல் பக்கம்தான் திரும்பினார். வெயிலில் குடை கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கூடத்தில் மஜீதா மட்டும் நின்றாள். கையெழுத்து கிடைத்துவிட்டது. இதற்காகத்தான் வந்தாள், இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். அற்புதம்மாள் காத்துக்கொண்டிருப்பார். போய்க் காட்ட வேண்டும், உறையில் போட்டு ஒட்ட வேண்டும். காகிதத்தை நாலாக மடித்துத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் உரல் சத்தம் நின்றது நின்றபடியே இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ராவுத்தர் கேட்ட கேள்வியை, அவர் மண்டியில் தலையைத் தூக்காமல் சொன்ன வார்த்தையை, கடைசியில் இவள் சொன்ன பொய்யை. அந்த வார்த்தை தன் புருஷன் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியுமோ, அல்லது மூன்று வருஷமாகத் தெரிந்தே பாக்கு இடித்துக்கொண்டிருந்தாளோ.

"போயிட்டு வரேன் மாமி" என்றாள் மஜீதா, திரையைப் பார்த்து.

அவள் இரண்டு எட்டு வைத்திருப்பாள். திரையின் அடிப்பக்கம் லேசாக அசைந்தது. தரையோடு தரையாக, துணிக்குக் கீழேயிருந்து ஒரு கை வெளியே வந்தது. வளையல் இல்லாத கை, விரல் நுனியெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. அது எதையும் கொடுக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. உள்ளங்கையை மேலே காட்டி விரிந்தபடி அந்தச் சிவப்புத் தரையில் கிடந்தது.

துணியை இழுத்து மூட இப்போது பக்கத்தில் அம்மா இல்லை. மஜீதா மண்டியிட்டு உட்கார்ந்தாள். துப்பட்டி தலையிலிருந்து நழுவியது, மடித்து வைத்திருந்த காகிதம் தரையில் விழுந்தது. இரண்டையும் எடுக்காமல், அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. விரல்கள் மெல்ல மடங்கி அவள் விரல்களை இறுக்கின.